உரிமையாளர் கையெழுத்து

ஏசுபாதம் பேனாவைத் திறந்தார். காகிதத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, கண் எரிகிறது, சாயந்திரம் பார்க்கலாம் என்றார்.

மூன்று வாரத்தில் இது ஆறாவது சாயந்திரம்.

ஷீலா பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பாவிடம் அவள் சொத்தை எழுதிக் கொடு என்று கேட்கவில்லை. ஒரு வாடகை ஒப்பந்தம், பன்னிரண்டு ரசீது, வீட்டுவரி கட்டிய ரசீதுக்கு ஒரு நகல். அவ்வளவுதான்.

சேலையூரில் அப்பா வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அவள் சினிமாக்களுக்கும் தொடர்களுக்கும் சப்டைட்டில் எழுதுகிறாள். முதலாளி கிடையாது, சம்பளம் கிடையாது. வேலை முடிந்ததும் பில் அனுப்புவாள்; வரி பிடித்துக்கொண்டு மீதி வரும். இந்த வருடம் வருமானம் வரி வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது.

ஆடிட்டர் ஷ்யாம்சுந்தர்தான் வழி சொன்னார். வேலை பார்க்கிற அறை, கரன்ட், இன்டர்நெட் எல்லாமே தொழில் செலவு. மாதாமாதம் அப்பாவுக்குப் பதினைந்தாயிரம் அனுப்புகிறீர்களே, அதை வாடகை என்று அவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள், ஓனர் கையெழுத்து இருந்தால் பிடித்த வரி திரும்ப வந்துவிடும் என்றார்.

ஓனர் போட்டால்தானே.

முதலில் பான் கார்டைக் காணோம் என்றார். அது அம்மாவின் தையல் டப்பாவில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கேட்டால், ஆராதனைக்குப் போய்வந்த கையோடு இதெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு இனிஷியல் தப்பாக இருக்கிறது என்றார். வெயிலில் தாம்பரம் போய், புதிதாக முத்திரைத்தாள் வாங்கி, திரும்ப டைப் அடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பார்த்து மீன் வாங்கக் கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூட லேபில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர். ஒரு கண்ணாடிக் குப்பி உடைந்தாலும் அன்றே பதிவேட்டில் எழுதிவிடுவார் என்று பேர். ஒரு கையெழுத்துக்கு இந்தப் பாடு படுத்துகிறார்.

போன வாரம் ஒருமுறை மட்டும் வாயைத் திறந்தார்.

"பெத்த பொண்ணுகிட்ட வாடகை வாங்கறேன்னு எழுதிக் குடுன்றியா? நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க?"

யாருக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும் என்றாள் ஷீலா. அவங்களுக்குத் தெரிந்தாலே போதும் என்று எழுந்து போய்விட்டார்.

அம்மாவிடம் முறையிட்டாள். சரசு கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், உங்க அப்பாவாச்சு நீயாச்சு என்றாள்.

இன்றைக்கு ஷீலாவுக்குப் பொறுக்கவில்லை. நாளைதான் கடைசி நாள். நான் ஒரே பெண், எப்படியும் ஒருநாள் இந்த வீடு எனக்குத்தானே வரப்போகிறது, இந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட என்ன கணக்குப் பார்க்கிறாய் என்று கேட்டுவிட்டாள்.

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஏசுபாதம் மோட்டார் போட வேண்டும் என்று பின்பக்கம் போனார்.

பதினோரு மணிக்கு ஷ்யாம்சுந்தர் போன் செய்தார். மற்றது இருக்கட்டும், வீட்டுவரி ரசீதையாவது இப்போதே அனுப்புங்கள் என்றார்.

இதற்கும் அப்பாவிடம் போய் நிற்க அவள் தயாரில்லை. பரணில் இருந்த காகிதக்கட்டில் ஏழு வருடத்துக்கு முந்தைய ரசீது ஒன்று அப்பா பேரில் கிடைத்தது. அதிலிருந்த எண்ணை மாநகராட்சி இணையதளத்தில் போட்டாள். மூன்று தடவை சுற்றிச் சுற்றி நின்றுபோனது. நான்காவது தடவை வந்தது.

தெரு சரி. கதவு எண் சரி. உரிமையாளர் பெயர்: சூர்யநாராயணன்.

அப்படி ஒருவரை அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பேரைக்கூட ஒழுங்காக ஏற்றத் தெரியாதவர்கள். இனி மாநகராட்சி ஆபீசில் வரிசையில் நிற்க வேண்டும், மனு கொடுக்க வேண்டும், நாளைக்குள் எங்கே நடக்கப் போகிறது? பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். நம் வீட்டை யாரோ ஒருவர் பேரில் போட்டு வைத்திருக்கிறார்கள், சட்டையை மாட்டிக்கொண்டு வா, இப்போதே போய்க் கேட்போம் என்றாள்.

ஏசுபாதம் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார். உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்து ஒரு மஞ்சள் கவரை மேசையில் வைத்தார்.

உள்ளே வாடகை ரசீதுகள். வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு, ஒன்று விடாமல். ஒவ்வொன்றும் பதினைந்தாயிரத்துக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் சூர்யநாராயணனின் கையெழுத்து.

முதல் ரசீது 2021 செப்டம்பர்.

அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் முப்பத்தெட்டு நாள் ஷீலா ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் கிடந்தாள். பில்லை இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது என்று வீட்டில் சொன்னார்கள். எவ்வளவு ஆனது என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

சமையலறையில் அம்மா குழாயை மூடினாள்.

ஏசுபாதம் இந்த வருடத்துக் கட்டை மட்டும் தனியே எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"பன்னெண்டு மாசமும் கீதும்மா. குடியிருக்கிறவர்னு என் பேரைப் போட்டுக் கீது. அது பரவால்லையான்னு உன் ஆடிட்டரைக் கேளு."