செண்பகம் அத்தையின் முறம்

செண்பகம் அத்தை ஒரு மல்லாட்டைகூட உடைக்க மாட்டார். ஆனாலும் சாயங்காலம் கூலிக்கு எடை போடும்போது அவர் முறம் நிறைந்திருக்கும்.

எல்லாம் எங்கள் கை அள்ளிப் போட்டது. விதைக்கான மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மிஷினில் உடைத்தால் பருப்பு நசுங்கிவிடும் என்று, திண்டிவனம் பக்கத்து எங்கள் களத்தில் கையால்தான் உடைப்போம். நாங்கள் உடைக்க உடைக்க, செண்பகம் அத்தை வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பார். படிக்கிறவர் கூலி போகக் கூடாது இல்லையா? அதனால் கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கை பருப்பு அவர் முறத்தில் போட வேண்டும். அதுதான் களத்துச் சட்டம்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கும்தான் படிக்கத் தெரியும். உட்கார்ந்து வாயசைத்தால் கூலியா? எனக்கு அது சுத்த ஏமாற்று வேலையாகத்தான் பட்டது.

அன்றைக்குக் கடைசி அத்தியாயம். போன வாரம் கதாநாயகி பூங்கொடிக்குப் பிரசவத்தில் வலிப்பு வந்து, அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

குப்பம்மாள் அக்கா மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் வேணிக்குத் தலைப்பிரசவம். காலையில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கூட ஒருத்தரைத்தான் விடுவார்களாம். மாமியார் போயிருந்தார்.

"வூட்டுல தனியா குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும்டி" என்று குப்பம்மாள் அக்கா களத்துக்கு வந்துவிட்டார்.

விதை வாங்க வந்த ஒரு சார், முதலாளிக்காகக் காத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"எழுதுறது, விழுப்புரம் தென்னரசு" என்று அத்தை ஆரம்பித்ததும் சார் நிமிர்ந்தார். படிக்கப் படிக்க அவர் உதடும் கூடவே அசைந்தது.

"இன்னா சார், மனப்பாடமா?" என்றேன்.

அவர் கண் கலங்கியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் அத்தை கொஞ்சம் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். அப்புறம் கடகடவென்று படித்தார். பூங்கொடி கண்ணைத் திறந்தாள். குழந்தை வீல் என்று கத்தியது. சுபம்.

"பொழச்சிக்கினாடி!" என்று குப்பம்மாள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

சார் விருட்டென்று எழுந்தார். "நிறுத்துங்க! இந்த முடிவை நான் எழுதல."

"நீங்க யாரு?" என்றார் அத்தை.

"நான்தாங்க தென்னரசு."

களமே வாயைப் பிளந்தது. கதை எழுதுகிறவர்கள் எல்லாம் மெட்ராஸில் ஏசி ரூமில் இருப்பார்கள் என்று நினைத்திருந்தோம். இவர் காலில் எங்களைப் போலவே செம்மண் ஒட்டியிருந்தது. நான் தொட்டுப் பார்க்காத குறை.

சார் அத்தை எதிரே வந்து நின்றார். "அந்தக் கடைசிப் பக்கத்துக்காக ஆபீசுக்கு லீவு போட்டு எழுதுனேன். பத்திரிகையில பாதியை வெட்டுறாங்க. வீட்டுல, 'இதுக்கு ரெண்டு மாடு வாங்கி மேய்க்கலாம்'னு சொல்றாங்க. இப்ப நீங்களுமா? மாத்திப் படிக்க நீங்க யாரு?"

நான் விடுவேனா? "ஏன் அத்தே, இத்தினி நாளா நீயா அளந்து வுட்டுக்கினு இருந்தியா? அதுக்கா அள்ளி அள்ளிப் போட்டோம்?"

சார் பத்திரிகையைப் பிடுங்கினார். நான் எட்டிப் பார்த்தேன்.

அச்சில் பூங்கொடி செத்திருந்தாள்.

"சார்..." குப்பம்மாள் அக்கா நிமிர்ந்தார். "அப்போ அந்தப் பொண்ணு பொழைக்கலியா?" போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அத்தை சார் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "இவ பொண்ணுக்கும் காலைல வலிப்பு வந்துடுச்சு சார். இன்னும் போன் வரல. நான் எப்படி சார் அதப் படிப்பேன்?"

சார் பக்கத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பத்திரிகையை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

"பொழச்சிக்கினாம்மா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. அச்சடிச்சவங்கதான் தப்பா போட்டுட்டாங்க. இவங்க படிச்சதுதான் கதை."

"நெஜமாவா சார்?"

"எழுதுனவன் சொல்றேன்ல?"

குப்பம்மாள் அக்கா தலையை ஆட்டினார். அவர் கை மறுபடி மல்லாட்டையைத் தேடியது.

புத்தகம் பார்த்துப் படிக்க எனக்கும் தெரியும். புத்தகத்தில் இல்லாததை, அந்த ஒரு நொடியில், யாருக்கும் தெரியாமல் படிக்க எனக்கு வருமா?

முதலாளி வந்துவிட்டார். "வாங்க சார், விதையப் பாக்கலாம்" என்றார்.

"இருங்க. போன் வரட்டும்" என்று சார் தரையில் எங்களோடு உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை. நகம் வலித்திருக்கும். நாலு மல்லாட்டை உடைக்க ரொம்ப நேரமானது.

ஒரு கை பருப்பு சேர்ந்ததும் எழுந்துபோய், அதைச் செண்பகம் அத்தையின் முறத்தில் போட்டார்.