காதோரத்து வில்லை

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டத் தொடங்கினால், ஜெபராணியின் காதோரத்தில் டாக்டர் ஒட்டிய கருவி வில்லை அவள் கணவர் தங்கதுரையின் போனில் மணியடிக்கும். ஒட்டியவை உள்ளே புகுந்தால் நரம்பை அரித்துவிடும். மனசு கொதித்தால் இன்னும் அதிகமாக ஒட்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவளைக் கொதிக்க வைப்பது யார் என்று தங்கதுரை உளவு பார்க்கத் தொடங்கினார். முதலில் அவள் அக்காவை வரக்கூடாது என்றார். பிறகு எதிர்வீட்டுக்காரியை. பிறகு ஜெபக்கூட்டத்தை. வீட்டுக்கு ஆள் வருவது நின்றது. மணி நிற்கவில்லை.

ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனார். அங்கே போன் மூச்சுக் காட்டவில்லை. சந்தேகம் வந்து வீடியோவில் கூப்பிட்டார்.

"வில்லையக் கழத்தி வச்சிட்டியா?"

ஜெபராணி காதைத் திருப்பிக் காட்டினாள். வில்லை இருந்தது.

"அக்கா வந்திருக்கா. தாயம் ஆடிட்டு இருக்கோம்."

பந்திக்குக்கூட உட்காராமல் பஸ் ஏறினார். வீட்டு கேட்டை அவர் தள்ளியதும் அது கிறீச்சிட்டது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது. சட்டைப்பையில் மணி அலறியது.

போனை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போனார்.

"பாத்தியா? இவ வந்தாலே அடிக்குது."