அங்கம்மாளின் வாக்குமூலம்

கழிவுநீர்த் தொட்டிக்குள் மாரிக்கண்ணு செத்துப்போன மூன்றாம் நாள், அவன் மனைவி அங்கம்மாளைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அவர்கள் தெருவிலேயே பிறந்து வக்கீலான ஜெசிந்தாவும் கூடப் போனாள்.

எஸ்.ஐ. ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நகர்த்தினார். “வாக்குமூலம் எழுதியாச்சு. கைநாட்டு வச்சிட்டு பொணத்த வாங்கிக்கம்மா.”

“அவங்க இன்னும் வாயவே தொறக்கலியே சார்” என்ற ஜெசிந்தா தாளை எடுத்து உரக்கப் படித்தாள். ‘குடிபோதையில் இருந்த என் கணவர் தொட்டிக்குள் தவறி விழுந்து இறந்தார். யார் மீதும் எனக்குப் புகார் இல்லை.’

அங்கம்மாள் குறுக்கிட்டாள். “அவரு குடிச்சதே கெடையாது. வாளி தூக்க நானும் போயிருந்தேன். மொதலாளிதான் கயித்தக் கட்டி எறக்குனாரு. உள்ளேருந்து எம் புருசன் மூச்சு முட்டுதுன்னு கத்துனாரு. பாதியில ஏறுனா நாளைக்கு வேலை கெடையாதுன்னு மொதலாளி சொன்னாரு.”

“எப்பவும் எழுதுறதுதான் மேடம். பெருசு பண்ணாதீங்க.”

“செத்தவனயெல்லாம் குடிகாரன்னுதான் எப்பவும் எழுதுவீங்களா?” ஜெசிந்தாவின் குரலுக்கு நிலையமே திரும்பியது. மைப்பெட்டியைப் பட்டென்று மூடினாள். “எட்டாவது படிச்சவங்க சார் அவங்க. எழுதத் தெரியுமான்னு கேட்டீங்களா?”

தன் பேனாவை அங்கம்மாளிடம் கொடுத்தாள். அவள் தாளைத் திருப்பி வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். எழுதிப் பல வருடமாகியிருந்ததால் ஒவ்வோர் எழுத்தாகத்தான் வந்தது. எஸ்.ஐ. எட்டிப் பார்த்தார். முதல் வரியில் முதலாளியின் பெயர் இனிஷியலோடு இருந்தது.

“நிறுத்தும்மா” என்றார்.

அவள் அடுத்த வரிக்குப் போயிருந்தாள்.