பானைக்குள் போன ஒயின்

“என் ஒயினை ஊத்தியா பேரிக்காய் வேகவெச்சீங்க, அண்ணி?”

பெர்னான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். மேசைமேல் ஆறு காலிப் புட்டிகள். ஆறும் அவனுடையவை.

அடுப்பில் பெரிய பானை. பேரிக்காய்கள் காம்பைத் தூக்கிக்கொண்டு செக்கச்செவேலென்று கொதித்தன. பச்சையாகக் கடித்தால் பல் உடையும் சாதிப் பேரிக்காய் அது. அதை வேகவைப்பதற்காகவே ஆண்டவன் ஒயினைப் படைத்தான் என்பது அந்த ஊர் இறையியல்.

“என்கிட்ட ஒயின் பத்தலை, தம்பி,” என்றாள் ஜெர்மேன், திரும்பாமலே.

பத்தவில்லையாம்! ஊரிலேயே பெரிய திராட்சைத் தோட்டம் அவள் புருஷனுடையது. காலுக்குக் கீழே நிலவறை நிறையப் பீப்பாய்கள். ரொட்டிக்கடைக்காரன் மாவு கடன் கேட்ட மாதிரி இருந்தது.

அப்பா சாகும்போது அண்ணன் லூசியனுக்குத் தெற்குச் சரிவைக் கொடுத்தார். தம்பிக்கு, வெயில் எட்டிப் பார்க்காத வடக்குச் சரிவு. அதில் தனியாளாகப் பாடுபட்டு பெர்னான் எடுத்த முதல் ஒயின் இரண்டே பீப்பாய். காற்றுப் புகுந்தால் ஒயின் வினிகராகிவிடும் என்று இரண்டையும் பிள்ளை மாதிரி காவல் காத்தான். இன்று காலைதான், தும்மிக்கொண்டே, ஒரு பீப்பாயிலிருந்து ஆறு புட்டி பிடித்து வந்தான். அண்ணன் வீட்டு அறுவடை விருந்துக்கு டிஜோன் நகரத்திலிருந்து ஒயின் தரகர் தெலோர்ம் வந்திருக்கிறார். அவர் குடித்துத் தலையாட்டினால் பிழைப்பு. இல்லையென்றால் சரிவை அண்ணனுக்கே விற்க வேண்டியதுதான்.

அண்ணி விலை பேசவே ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது.

“ஒவ்வொண்ணாத் தக்கையைப் பிடுங்கி, மோந்து பாத்துட்டுத்தான் ஊத்துனாங்க,” என்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண் போட்டுக்கொடுத்தாள்.

“மோந்து பாத்தீங்களா! அப்ப நல்லாயிருக்குன்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க!”

“மெதுவாப் பேசு. தரகர் அடுத்த ரூம்ல இருக்காரு.”

“இருக்கட்டும். இதோ ஓடிப்போய் இன்னும் ரெண்டு புட்டி பிடிச்சிட்டு வரேன்.”

“ஒண்ணும் வேணாம்.” ஜெர்மேன் கரண்டியோடு வழியை மறித்தாள். “அந்த மனுசன் உங்க அண்ணன் ஒயின்ல கழுத்துவரை முங்கியாச்சு. இனி எதைக் குடிச்சாலும் அவருக்குத் தண்ணிதான். வெள்ளிக்கிழமை உன் நிலவறைக்கே வரச் சொல்லியிருக்கேன்.”

“எதுக்கு? அதுக்குள்ள பீப்பாயையும் வேகவைக்கவா?”

“அதுக்குள்ள உன் ஜலதோஷம் தீரட்டும்னுதான். போ, மூக்கைச் சிந்திட்டு வந்து உக்காரு.”

பெர்னான் போய் உட்கார்ந்தான். வேறென்ன செய்வது? அந்த ஊரில் ஒருவன் ஒயினை வேண்டாமென்று கீழே கொட்டினால்கூட மன்னித்துவிடுவார்கள். கேட்காமல் சமையலில் ஊற்றுவது, அவன் அப்பன் பெயரைச் சந்திக்கு இழுப்பது மாதிரி. ஆனால் தரகர் முன்னால் குடும்பச் சண்டை போட முடியுமா?

கடைசியில் பேரிக்காய் வந்தது. எல்லார் கையும் கரண்டிக்குப் போனது. அந்தப் பேரிக்காய்க்காகவே விருந்துக்கு வருகிறவர்கள் உண்டு. போன வருடம் பாதிரியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதை ஊர் இன்னும் பேசுகிறது.

தரகர் ஒரு வாய் வைத்தார். அவர் முகம் இழுத்துக் கட்டிய சுருக்குப்பை மாதிரி ஆனது.

“ஜெர்மேன்,” என்றார் எதிர்வீட்டு ரெமி, கண்ணைத் துடைத்தபடி, “இது பேரிக்காயா, ஊறுகாயா?”

சிரிப்பில் மேசை அதிர்ந்தது. ஜெர்மேன் தானும் ஒரு துண்டைச் சுவைத்தாள். காது மடல்வரை சிவந்தது.

“ஐயோ, என் கண்ணு அவிஞ்சு போச்சு! சர்க்கரைப் பாகுன்னு நெனச்சு வினிகரைக் கவுத்துட்டேன் போலிருக்கு!”

“கண்ணாடி போடும்மா!”

“அடுத்த வருசம் எங்க வீட்டுக்காரியைச் செய்யச் சொல்றேன். அவ வெறும் உப்பைத்தான் மறப்பா!”

எல்லோரோடும் சேர்ந்து ஜெர்மேனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டுகளை அவசரமாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

பெர்னானுக்கு அன்றைக்கு முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்தது. நன்றாக வேண்டும்! மூக்கு அடைத்திருந்ததில் அவனுக்கு வாசனை எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் புளிப்பு அவன் நாக்கையும் சுண்டி இழுத்தது. ஒயினும் போச்சு, அண்ணியின் பேரும் போச்சு. கணக்கு ஒருவழியாக நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

தரகர் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

“பாவம்ப்பா, உன் ஒயினுக்கு இப்படி ஒரு சாவு வந்திருக்க வேணாம். வெள்ளிக்கிழமை வந்து அதோட நிஜ ருசியைப் பாக்குறேன்.”

எல்லோரும் கிளம்பினார்கள். பெர்னானும் தொப்பியை எடுத்தான். லூசியன் வாசல்வரை வந்தான்.

“ஏன்டா, காலைல சந்தைக்குப் போவேல்ல? எனக்கு ஒரு புட்டி வினிகர் வாங்கிட்டு வா.”

பெர்னான் குரலைத் தாழ்த்தவே இல்லை. சமையலறைக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்:

“ஏன், அண்ணி மொத்தத்தையும் என் ஒயின்ல கொட்டித் தீத்துட்டாங்களா?”

லூசியன் தலையைச் சொறிந்தான்.

“எனக்கும் அதான்டா புரியலை. நம்ம வீட்ல வினிகர் தீந்து ஒரு மாசமாச்சே.”