நான்கு ஞாயிறுகள்

மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது எஸ்பெரான்சாவின் இடுப்பில் சுளீரென்று கிளம்பும் வலி கால் வரைக்கும் இறங்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள். ஓட்டல் ஜன்னல் வழியே வெயிலும் மாதா கோயில் மணியோசையும் ஒன்றாக வந்து வெள்ளை விரிப்பில் விழுகின்றன. அங்கே அவள் மகள் ஜெனிஷா இப்போது முதல் நற்கருணை வாங்கிக்கொண்டிருப்பாள். இந்த ஒரு நாளுக்காகத்தான், தன் விடுமுறையை விட்டு, நான்கு ஞாயிறுகள் தன்னோடு இங்கே வேலை செய்யும் பியதாதேயின் வேலையை இந்த இடுப்போடு இவள் பார்த்தாள். பதிலுக்கு இன்று இவள் வேலையைப் பார்க்க பியதாதே வந்திருக்கவேண்டும். விடிந்ததும் சூப்பர்வைசர்தான் கூப்பிட்டார். "பியதாதேக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். எழுந்திருக்கவே முடியலையாம். நீ வந்துடும்மா."

கைப்பேசி சிணுங்குகிறது. கணவன் அனுப்பிய படம். கையில் மெழுகுவர்த்தியோடு ஜெனிஷா சிரிக்கிறாள். அவள் காலடியில், புதுப் பூப்போட்ட கவுனில், சுகமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையின் வெள்ளை உடுப்பை நீவிவிடுகிறாள் பியதாதே. கூடவே ஜெனிஷாவின் குரலும் வந்திருக்கிறது.

"மம்மா, நான் அழவே இல்ல. நீ வரமாட்டேன்னு பியதாதே ஆன்ட்டி வியாழக்கிழமையே சொல்லிட்டாங்க."