வெள்ளிப் பூச்சு

அரிசோனாவின் காலை வெயில் பெயிண்ட் கடை முற்றத்தில் தகதகவென்று இறங்கியிருக்கிறது. டெல்பர்ட் ஓட்டிவந்த பிக்கப் வண்டியின் பின்பக்க பம்பரில் புதிதாக ஒரு நசுங்கல். அதன் பின்னால் கோத்திருக்கும் ட்ரெய்லர் வீட்டின் முகப்பில் இரண்டு கேஸ் சிலிண்டர்களும் துருப்பிடித்து நிற்கின்றன. கடைக்காரி ட்ரூடி, சிலிண்டர்களுக்கு எந்தப் பூச்சு அடிப்பது என்று பார்க்க, அவற்றின் மேல் இரண்டு மாதிரித் தகடுகளைச் சாய்த்து வைக்கிறாள். ஒன்று பால்வெள்ளை, இன்னொன்று முகம் பார்க்கக்கூடிய வெள்ளிப் பளபளப்பு. டெல்பர்ட்டின் விரல் வெள்ளியைத் தொடுகிறது. "ஐயோ, இது வேணாங்க. நீங்க ரிவர்ஸ்ல வந்து ட்ரெய்லரை மாட்டுறப்ப உங்க வீட்டம்மா இதுக்குப் பக்கத்துலதானே நின்னு கை காட்டுவாங்க? வெயில் பட்டா கண்ணு கூசிப்போயிடும். அப்புறம் திட்டு வாங்கப்போறது நீங்கதான்!" என்று சிரிக்கிறாள். டெல்பர்ட்டும் சிரிக்கப் பார்க்கிறார், வரவில்லை. முப்பது வருஷம் 'வா, வா, போதும்' என்று காட்டிய மஞ்சள் கையுறை, மனைவி மார்ஜி கடைசியாக மாட்டிவைத்தபடியே, சிலிண்டர் பிடியில் வெளிறித் தொங்குகிறது. அதைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். "வெள்ளியே அடிச்சிடும்மா," என்கிறார். "ரிவர்ஸ்ல வர்றப்ப என் பிரேக் லைட் அதுல தெரியும்ல? எங்க நிறுத்தணும்னு இனிமே நானேதான் பாத்துக்கணும்."