ஒரு வீட்டுக்கு ஒரு பை

"என்னாங்க, உங்கம்மா மறுபடியும் பையைத் திறந்து வச்சிருக்காங்க!"

கலாதேவி அறைக்குள்ளிருந்து கத்தினாள். கூடத்தில் தர்மேந்திரன் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். மாமியார் மருமகள் வழக்கில் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

ஜெலாப்பாங்கில் அவர்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. போன வருசம் வாசலில் ஓடும் லோங்காங் சாக்கடை பொங்கி, இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மீட்புப் படகில் ஒரு வீட்டுக்கு ஒரு பைதான் என்றார்கள். பதற்றத்தில் அள்ளிப் போட்ட பையை நிவாரண மண்டபத்தில் திறந்தால், உள்ளே தலையணை உறைகளும் டிவி ரிமோட்டும்! கல்யாண ஆல்பம் வீட்டிலேயே ஊறிக் கூழாகிப் போனது.

அதனால் இந்த வருசம் மழைக்கு முன்பே கலா பை கட்டிவிட்டாள். பத்திரங்கள், டார்ச் லைட், பிஸ்கட், சார்டின் டின், அத்தையின் சர்க்கரை வியாதிக்கான இனிப்புநீர் மாத்திரை. பையின் மேல்பக்கம், இறந்துபோன மாமனாரின் சட்டம் போட்ட படத்துக்கு இடம் விட்டிருந்தாள். கிளம்பும்போது சுவரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பையைத்தான் மாமியார் வீரம்மா தினமும் குடைந்துகொண்டிருந்தாள். ஒருநாள் சார்டின் டின் வெளியே கிடந்தது. இன்னொரு நாள் பிஸ்கட்டைக் காணோம்.

"பசிச்சா கேளுங்க அத்தே, தர மாட்டேனா?"

"பை எவ்ளோ கொள்ளும்னு பாத்தேன்லா" என்றாள் வீரம்மா, முகத்தைக்கூடத் திருப்பாமல்.

கலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான் அந்தப் பையில் வைக்க ஒன்று இருந்தது. செத்துப்போன அம்மாவின் படம். ஆல்பம் போனபிறகு மிஞ்சியது அது ஒன்றுதான். கைப்பேசியில் நகல் இருக்கிறது, ஆனால் கைப்பேசிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட முடியுமா?

அம்மா இறந்த வருசம் அதைச் சுவரில் மாட்டப் போனாள். "இந்த வீட்டுச் சுவத்துல இந்த வீட்டுச் செத்தவங்கதான்" என்று வீரம்மா தடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா அலமாரிக்குள், சேலைகளுக்கு நடுவில். வெள்ளிக்கிழமையானால் கதவைத் திறந்து பொட்டு வைப்பாள், மூடிவிடுவாள்.

இரண்டு படம் ஒரு பையில் கொள்ளாது. வீட்டுப் பெரியவரை விட்டுவிட்டுத் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்கு மனசு வரவில்லை.

மறு வாரமே வானம் பொத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் கூடத்தில் தண்ணீர். தெருவில் படகு வந்து விசில் அடித்தது. கலா மாமனார் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அலமாரியை ஒருமுறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணைக்கப் போனாள்.

திரும்பி வந்தால், வீரம்மா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்புற நேரத்துலயுமா, அத்தே!"

வெடுக்கென்று பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

மண்டபத்தில் பாய் போட்டு உட்கார்ந்ததும் மாத்திரையைத் தேடினாள். மாமியார் முகம் வாடியிருந்தது. படத்தைக் கண்ணில் காட்டினாலாவது தெம்பு வரும் என்று துண்டைப் பிரித்தாள்.

உள்ளே அவள் அம்மா.

"அத்தே... மாமா எங்க?"

"உங்கம்மா இருந்த எடத்துல. அலமாரியில."

"ஐயோ, தண்ணி ஏறிடுமே!"

"ரெண்டு பேரையும் வைக்கத்தான் நானும் தெனம் பையைக் குடைஞ்சேன். எதை எடுத்தாலும் ஜிப்பு மூடல. உங்க மாமா ஈயம் தோண்டுன குட்டையில நீந்தி வளந்தவரு, சமாளிச்சுக்குவாரு. உங்கம்மா பாவம், வாசல்ல தண்ணி நின்னாலே பயப்படுவாங்க."

கலா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழுவாதலா. தண்ணி வடிஞ்சதும் தர்மேந்திரன ஒரு ஆணி அடிக்கச் சொல்லு. சுவத்துல, உங்க மாமாவுக்குப் பக்கத்துலயே."